வழிகாட்டியின் கணவன் கேட்ட கேள்விகள்

கப்பலில் இருந்து இறங்கி வருகிறவர்களை ரெமேதியோஸ் "மந்தை" என்றுதான் சொல்வாள். வாய் தவறி வந்த பெயரல்ல, யோசித்து வைத்தது. முன்னால் போகிறவன் நின்றால் எல்லாரும் நிற்கிறார்கள். ஒருத்தி கழிப்பறை எங்கே என்று கேட்டால் எல்லாருக்கும் முட்டிக்கொண்டு வருகிறது. வேறென்ன பெயர் வைப்பது என்பாள். காதிஸ் துறைமுகத்தில் பெரிய கப்பல் வந்து நிற்கிற காலைகளில் அவள் நீலக் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பாள். தொப்பியும் தண்ணீர்ப் புட்டியும் கழுத்தில் தொங்கும் அட்டையுமாக அவர்கள் பின்னால் வந்து சேர்வார்கள். அரை நாளில் மூவாயிரம் வருஷத்து ஊரைத் தின்று முடித்துவிட்டு, வேகவைத்த இறால் நிறத்தில் திரும்பக் கப்பல் ஏறுவார்கள்.

ரெமே லா வீன்யாக்காரி. மீனவர்கள் குடியிருந்த பேட்டை அது. அப்பா மீன் ஏலக் கூடத்தில் ஏலம் கூவியவர். அந்தத் தொண்டைதான் மகளுக்கும். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் பிரெஞ்சு படித்தாள், பிறகு ஆங்கிலம், அதற்குப் பிறகு ஜெர்மன். எல்லா மொழியிலும் அவளுக்கு மரியாதையாகப் பேசவும் தெரியும், அதே மரியாதைக்குள் இளக்காரத்தை ஒளித்து வைக்கவும் தெரியும். ரோமானிய அரங்கத்தின் முன்னால் நின்றுகொண்டு, "இதை ஏன் இவ்வளவு இடிந்த மாதிரி கட்டினார்கள்?" என்று ஒரு அம்மாள் கேட்டாள். ரெமே முகம் மாறாமல், "காற்றோட்டத்துக்காக, சீமாட்டி" என்றாள். அந்த அம்மாள் கணவனுக்கும் அதைச் சொல்லிப் பூரித்துப் போனாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் இதையெல்லாம் கசிமீரோவுக்கு நடித்துக் காட்டுவாள். கசிமீரோ அவள் கணவன். வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவன். பெரிய கைகள், சின்னப் பேச்சு. அவள் கழுத்தை நீட்டி, கண்ணை உருட்டி, ஜெர்மன்காரனைப் போல நடப்பாள். அவன் மீன் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தபடி சிரிப்பான். சில நாள், "சரி, அதுக்கு நீ என்ன சொன்ன?" என்று கேட்பான். "என்னத்தச் சொல்றது, விடுய்யா" என்று அவள் அடுத்த ஜெர்மன்காரனுக்குப் போய்விடுவாள்.

அவள் இளப்பம் வெளியூர்க்காரர்களோடு நின்றுவிடவில்லை. பாட்டி விட்டுப்போன வீட்டைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, தாங்கள் ஊருக்கு வெளியே அட்டைப் பெட்டி மாதிரி வீட்டில் போய் உட்கார்ந்துகொண்ட அக்கம்பக்கத்தாரை அவள் தெருவில் கண்டால் பேச மாட்டாள். கூட வேலை பார்க்கும் வழிகாட்டிகளை "கிளிப்பிள்ளைகள்" என்பாள். எல்லாருக்கும் கீழே, அவள் வாயில் பெயர் சொல்லக்கூடத் தகுதியில்லாத இடத்தில், கின்தீன் இருந்தான். ஊரை இலவசமாக நடத்திக் காட்டுகிறேன் என்று பலகை மாட்டிக்கொண்டு, மஞ்சள் குடை பிடித்து, கடற்கொள்ளைக்காரன் கதையும் பேய்க் கதையும் விற்கிறவன். "அவன் வாய்ல வர்ற ஒரே உண்மை 'வணக்கம்'தான்" என்பாள் ரெமே. "அதுவும் சந்தேகம்."

முழங்கால்கள் இரண்டும் ஒத்துழைக்க மறுத்த வருஷம் அவள் ஓய்வு பெற்றாள். கிளிப்பிள்ளைகள் சேர்ந்து விருந்து வைத்து, சான் செபஸ்தியானுக்கு இருவர் போய்வர ஏற்பாடு செய்து உறையில் போட்டுக் கொடுத்தார்கள். தெற்கு முனையில் இருந்து நாட்டின் வடக்கு முனைக்கு. போக, வர, நடுவில் இரண்டு நாள் அங்கே.

"ஊரெல்லாம் நான் சுத்திக் காட்டியாச்சு. இப்ப என்னை எவனோ சுத்திக் காட்டப் போறானா?" என்றாள் வீட்டுக்கு வந்து, உறையை மேசையில் எறிந்து. "அங்க மழை பேஞ்சுக்கிட்டே இருக்கும். பணக்காரக் கிழவிங்க முத்து மாலை போட்டுக்கிட்டு நாயோட நடப்பாளுங்க. வேண்டாம்."

கசிமீரோ அதற்குள் கட்டிலுக்கு அடியில் இருந்து பெட்டியை இழுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் எதற்கும் இவ்வளவு வேகமாக எழுந்து அவள் பார்த்ததில்லை. அதனால்தான் போனாள்.

சான் செபஸ்தியானில் அவளுக்கு முதலில் பிடிக்காமல் போனது கடல். சங்கு வடிவில் வளைந்த கரை, வாயில் ஒரு குட்டித் தீவு, சுற்றிலும் வெள்ளைக் கைப்பிடிச் சுவர். "இது கடலாய்யா? சூப்புக் கிண்ணம்" என்றாள். "நடுவுல ஒரு உருளைக்கிழங்கு வேற மெதக்குது." மழை பிடிக்கவில்லை. அதுவும் மழையாகப் பெய்தால்கூட மன்னித்திருப்பாள். நனைகிறோமா இல்லையா என்றே தெரியாமல் மாவு சலித்த மாதிரி விழுந்துகொண்டிருந்தது. ரொட்டித் துண்டின் மேல் எதையாவது அடுக்கிப் பல்குச்சியால் குத்தி வைத்திருந்த மது விடுதிகள் பிடிக்கவில்லை. "இவனுங்களுக்கு வாய் சின்னதா, மனசு சின்னதா?" அங்கே ஒருவன் வெள்ளை ஒயினைத் தலைக்கு மேலே தூக்கிக் கோப்பையில் ஊற்றினான். பாதி மேசையில் சிந்தியது. கசிமீரோ கை தட்டினான். ரெமே அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

அந்த விடுதிக்காரன் அவர்கள் பேச்சைக் கேட்டுவிட்டு முகம் மலர்ந்தான். "அட, காதிஸா? காதிஸ்காரங்கன்னா சிரிக்க வச்சே கொன்னுடுவாங்களாமே! எங்க, ஒரு ஜோக் சொல்லுங்கம்மா!"

"பல் வலி" என்றாள் ரெமே.

அவன் அதையே ஜோக் என்று எடுத்துக்கொண்டு உருண்டு சிரித்தான். பக்கத்தில் நின்றவர்களிடமும் சொன்னான். ரெமே கோப்பையை முடிக்காமல் வெளியே வந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் பழைய நகரத்தில் வழிகாட்டியோடு நடை என்று உறைக்குள் இருந்த காகிதத்தில் போட்டிருந்தது. வழிகாட்டி நெகானே என்ற இளம்பெண். குட்டை முடி, சிவப்பு மழைக்கோட்டு, மெல்லிய குரல். முதல் பார்வையிலேயே ரெமே அவளை எடை போட்டுவிட்டாள். காற்றைப் பார்த்து நின்று பேசுகிறாள். கூட்டத்தைச் சுவரோரம் ஒதுக்கத் தெரியவில்லை. கடைசியில் நிற்கிறவனுக்குக் குரல் போகவில்லை. "கிண்ணத்துக்குள்ள பேசுற மாதிரி இருக்கு" என்று கணவன் காதில் சொன்னாள். கசிமீரோ அதற்குள் முன்வரிசையில் இடம் பிடிக்க நகர்ந்துகொண்டிருந்தான்.

அரசியல் சட்டச் சதுக்கத்துக்கு வந்தார்கள். நாலு பக்கமும் வீடுகள், ஒவ்வொரு பால்கனிக்கு மேலேயும் ஒரு எண். முன்பு இந்தச் சதுக்கத்தில்தான் காளைச் சண்டை நடந்தது, அந்தப் பால்கனிகளை அன்றைக்கு மட்டும் பார்வையாளர்களுக்கு விடுவார்கள், அதற்குத்தான் எண் என்று நெகானே சொன்னாள். ரெமேவுக்கு இது எப்போதோ தெரியும். கொட்டாவி விட வாயைத் திறந்தாள். அப்போதுதான் கூட்டத்துக்குள் ஒரு கை எழுந்தது. பெரிய கை. ஓரம் தீய்ந்த விரல்கள்.

"ஒரு கேள்வி, பாப்பா. அப்ப அந்த வீட்டுக்காரங்க எங்க நின்னு பாப்பாங்க?"

"ஐயா?"

"இல்ல, பால்கனிய வேற ஆளுக்கு விட்டாச்சு. வீடு அவங்களோடது. சண்டைய அவங்களும் பாக்கணும்ல? பின்னால ஸ்டூல் போட்டு எட்டிப் பாத்தாங்களா?"

கூட்டம் சிரித்தது. நெகானேவும் சிரித்தாள். "நிஜமாவே எனக்குத் தெரியலங்க. நல்ல கேள்வி. கேட்டுச் சொல்றேன்."

ரெமேவுக்குக் காது மடல் வரை சூடு ஏறியது. தான் வாழ்நாளெல்லாம் சாப்பாட்டு மேசையில் நடித்துக் காட்டிய ஆள் இதோ எதிரில், தன் புருஷன் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறான். அதோடு அவன் நிறுத்தவுமில்லை. தேவாலயத்தின் கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டான். அந்த உருளைக்கிழங்குத் தீவில் யாராவது குடியிருக்கிறார்களா என்று கேட்டான். மழை எப்போதும் இப்படித்தானா, இங்கே துணி எப்படிக் காய்கிறது என்று கேட்டான். ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கினான், பள்ளிக்கூடத்தில் தூக்குகிற மாதிரி. நடை முடிந்ததும் ஒரு தொப்பிக் கடைக்குள் புகுந்து வட்டமான கறுப்புத் தொப்பி ஒன்றை வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தான்.

"கழட்டு" என்றாள் ரெமே.

"மழைக்கு நல்லா இருக்கு."

"கழட்டுய்யா. அதப் போட்டுக்கிட்டு நீ என் பக்கத்துல நடக்க முடியாது."

"அப்ப நான் தனியா நடக்குறேன்" என்றான் கசிமீரோ, கோபமே இல்லாமல். "மேல மலைக்கு ஒரு ரயில் போகுதாம். மரப்பெட்டி. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சாம். நீ காபி குடிச்சுக்கிட்டு இரு. கால் வலிக்கும்."

அவள் காபி குடித்தாள். இன்னொன்றும் குடித்தாள். மாவு மழை கனத்து நிஜ மழையானது. கசிமீரோ வரவில்லை. கைபேசி அடித்தால் எடுப்பது அவனுக்கு வழக்கமும் இல்லை. கடைசியில் வாய்க்குள் திட்டிக்கொண்டே பஸ் பிடித்து, இகெல்தோ மலையடியில் இறங்கி, நனைந்த ஆட்டுக்கூட்டத்தோடு வரிசையில் நின்று, அவளும் அந்த மரப்பெட்டியில் ஏறினாள். பக்கத்தில் நின்ற சிறுமி அவள் கால்மேல் ஐஸ்கிரீமைச் சொட்டினாள். ரெமே அவள் தாயை ஒரு பார்வை பார்த்தாள். தாய் அழகாகப் புன்னகைத்தாள்.

மேலே கைப்பிடிச் சுவரோரம், கறுப்புத் தொப்பியோடு, முன்பின் தெரியாத ஒரு போலந்துக்காரனைத் தன்னைப் படம் எடுக்கச் சொல்லி நின்றுகொண்டிருந்தான் கசிமீரோ. பின்னால் முழு வளைகுடா. அவளைப் பார்த்ததும், "வா வா, நீயும் நில்லு!" என்று கையாட்டினான்.

போலந்துக்காரன் போகிறவரைக்கும் ரெமே பொறுத்தாள். பிறகு ஏலக் கூடத்துத் தொண்டை திறந்தது.

"வெக்கமா இல்ல? கேள்வியா கேக்குற, கேள்வி! கைய தூக்கிக்கிட்டு! என் தொழில்ல நான் பாத்து பாத்துச் சிரிச்ச அத்தன மடையனும் சேந்து ஒருத்தனா வந்து என் பக்கத்துல நிக்கிறான். நீ என் புருஷன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சா என்னைப் பத்தி என்ன நெனைக்கும்? மந்தையில ஒரு ஆடு!"

"ஆடுதான்" என்றான் கசிமீரோ. தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறினான். "ஆடுங்களுக்குத்தானே நீ முப்பது வருஷம் நம்ம ஊரச் சுத்திக் காட்டின. எனக்கு ஒரு நாளாவது காட்டினியா?"

"நீ காதிஸ்ல பொறந்தவன்யா! உனக்கு நான் எதக் காட்ட?"

"பொறந்தேன். விடியறதுக்குள்ள பஸ் ஏறினேன். அந்தப் பக்கம் போயி ஒரு கப்பல் வயித்துக்குள்ள எறங்கினேன். வெளிய வந்தா இருட்டு. ஞாயித்துக்கெழம தூங்கினேன். நான் எப்பப் பாத்தேன் ஊர?" அவன் குரல் உயரவே இல்லை. "நீ ராத்திரி வந்து அவங்க கேட்டதெல்லாம் சொல்லிச் சிரிப்ப. நானும் சிரிப்பேன். நான் ஏன் சிரிச்சேன் தெரியுமா? அந்தக் கேள்வில பாதிக்கு எனக்கும் பதில் தெரியாது ரெமே. பதில் சொல்லுவியான்னு பாப்பேன். நீ சொல்லவே மாட்ட."

சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு ரெமே ரயிலடியைப் பார்த்து நடந்தாள். அவளுக்கு அது புதுசு. கீழே இறங்குகிறபோது மரப்பெட்டியில் அவர்கள் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் ஜன்னலைப் பார்த்தாள். அவன் ரயில் எப்படி ஓடுகிறது என்று கம்பிவடத்தைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

ஊருக்குத் திரும்பியபின் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்பது ரெமே கற்றுக்கொண்ட மொழிகளில் இல்லை. சமையல் கொஞ்சம் நன்றாக இருந்தது, அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்து, காலையில் சந்தையில் இருந்து காய்கறிப் பையோடு பூக்கடைச் சதுக்கம் வழியாக வந்தவள், மஞ்சள் குடையைக் கண்டு வழக்கம்போல எதிர்ப்பக்கம் ஒதுங்கப் போனாள். குடைக்குக் கீழே முன்வரிசையில் கசிமீரோ நின்றுகொண்டிருந்தான்.

"...இந்த ஊரில் இத்தனை காவல் கோபுரங்கள் எதற்கு?" என்று கின்தீன் முழங்கிக்கொண்டிருந்தான். "கப்பலில் போன வியாபாரிகளின் மனைவிமார்கள், புருஷன் எந்தத் துறைமுகத்தில் எவளோடு இருக்கிறான் என்று தூரக்கண்ணாடி வைத்துப் பார்க்க!"

கூட்டம் சிரித்தது. கசிமீரோ கையைத் தூக்கினான். "அமெரிக்கா வரைக்குமா தெரியும்?"

ரெமேவின் பையில் இருந்து ஒரு தக்காளி உருண்டு ஓடியது. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்க் கணவனின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"பொய்! அத்தனையும் பொய்! சரக்குக் கப்பல் வருதான்னு வியாபாரி மாடியில நின்னு பாக்குறதுக்குக் கட்டினது. எவன் கப்பல் முதல்ல வருதோ அவன் முதல்ல விப்பான். பொண்டாட்டியாம், தூரக்கண்ணாடியாம்! கின்தீன், நீ மீன் கடையில ஈ ஓட்டக்கூட லாயக்கில்ல."

"அம்மா ரெமேதியோஸ்!" கின்தீன் குடையைத் தாழ்த்தி வணங்கினான். "ஓய்வு நல்லா போகுதுபோல."

"நட" என்றாள் கணவனிடம்.

"எங்க?"

"கோபுரம் பாக்கணும்னுதானே இவன்கிட்ட வந்து நிக்கிற? நட."

தாவிரா கோபுரம் பழைய நகரத்திலேயே உயரமானது. உச்சியில் ஒரு இருட்டறை. கூரையில் கண்ணாடியும் வில்லையும். வெளியே ஊரில் நடப்பது அப்படியே கீழே வட்டமான வெள்ளை மேசையில் விழும், அசைந்துகொண்டே. ரெமே தன் கூட்டங்களை இந்த வாசலில் கோபுரத்துக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டு எதிர்க்கடையில் காபியோடு உட்கார்ந்துவிடுவாள். படி ஏறிப் பல வருஷமாயிற்று. இன்றைக்கு ஏறினாள், படிக்கு ஒரு முனகலோடு. முனகலுக்கு நடுவில் எந்தக் கோபுரம் யார் கட்டியது, எந்த வீட்டில் எந்த வியாபாரி திவாலானான் என்றெல்லாம் சொன்னாள். குரலில் எரிச்சல் குறையவில்லை. கசிமீரோ ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வி கேட்டான். "இது தெரியாதாய்யா உனக்கு?" என்று ஒவ்வொரு முறையும் சொன்னாள், பதிலையும் சொன்னாள்.

இருட்டறையில் ஒரு டஜன் பேர் மேசையைச் சுற்றி நின்றார்கள். கோபுரத்துக்காரம்மா வில்லையைத் திருப்பினாள். தேவாலயத்தின் மஞ்சள் குவிமாடம் வந்தது, துறைமுகம் வந்தது, பாலம் வந்தது. "அந்தப் பக்கம் தெரியறது கப்பல் கட்டற தளம்" என்று சொல்லிக்கொண்டே அந்தம்மா நகர்த்திவிட்டாள்.

"திருப்பு" என்றாள் ரெமே இருட்டில் இருந்து.

"என்னது?"

"திரும்பக் கொண்டு வாங்க. சரியாப் பாக்கல."

கப்பல் தளத்துப் பாரந்தூக்கி மேசைக்குத் திரும்பி வந்தது, சுண்டுவிரல் உயரத்தில். கசிமீரோ குனிந்தான். மேசையின் ஓரத்தில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, மூக்கு படுகிற மாதிரி பார்த்தான். பின்னால் நின்றவர்கள் பொறுமை இழந்து தொண்டையைச் செருமினார்கள். "கொஞ்சம் நில்லுங்களேன், கப்பல் ஒண்ணும் ஓடிடாது" என்றாள் ரெமே, மூன்று மொழியில்.

பிறகு வில்லை லா வீன்யா பக்கம் திரும்பியது. வெள்ளை மாடிகள், அதில் கொடிகள், துணிகள்.

"இதுதான் எங்க பார்வையாளர்களுக்கு ரொம்பப் பிடிச்ச இடம்" என்றாள் கோபுரத்துக்காரம்மா, குரலில் உற்சாகம் ஏற. "இந்தப் பச்சைத் தொட்டி இருக்கிற மாடி தெரியுதா? இங்க ஒரு அம்மா தினம் துணி காயப்போட வருவாங்க. கடல் காக்கா வந்து உக்காந்தா துடைப்பத்த எடுத்துக்கிட்டுத் துரத்துவாங்க பாருங்க, ஒரு நாடகம்! கை கால ஆட்டி, வானத்தப் பாத்துத் திட்டி... சத்தம் கேக்காது, ஆனா சிரிச்சு வயிறு வலிச்சிடும். இன்னிக்கு ஏனோ காணோம்."

பச்சைத் தொட்டி. பக்கத்தில் கொடியில் கசிமீரோவின் நீளமான உள்ளாடை, காற்றில் இரண்டு காலையும் உதைத்துக்கொண்டிருந்தது. ஒரு டஜன் பேரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். டச்சுக்காரி ஒருத்தி படம் எடுத்தாள்.

அது ரெமேவின் மாடி. வருஷக்கணக்காக. காலை காலையாக. தான் கீழே காபி குடித்துக்கொண்டிருந்தபோதும் தன் வீட்டுத் துணி இங்கே மேசையில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. தான் வேலை இல்லாத நாட்களில் தானே ஆடியிருக்கிறாள். எத்தனை ஜெர்மன்காரர்கள் தங்கள் ஊர்ச் சாப்பாட்டு மேசையில் துடைப்பத்தோடு அவளை நடித்துக் காட்டியிருப்பார்கள்!

பக்கத்தில் ஏதோ அதிர்ந்தது. கசிமீரோ. மேசையைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இந்தம்மா யாரு?" என்று இருட்டில் கையைத் தூக்கிக் கேட்டான். "கல்யாணம் ஆனவங்களா?"

"வாய மூடு" என்றாள் ரெமே.

அதற்கப்புறமும் அவள் மாறிவிடவில்லை. இன்றைக்கும் கப்பல் வருகிற காலையில் மந்தை வந்தாச்சு என்றுதான் சொல்கிறாள். வாரத்தில் ஒரு நாள் கசிமீரோவை அழைத்துக்கொண்டு ஊரில் ஏதாவது ஒரு மூலைக்குப் போகிறாள், திட்டிக்கொண்டே. அவன் கேட்கிறான், அவள் சொல்கிறாள். துணிக் கொடியை நகர்த்திக் கட்டித் தருகிறேன் என்று அவன் சொன்னபோது, "எதுக்கு? அவனுங்களுக்காக நான் என் கொடிய மாத்தணுமா?" என்று கேட்டாள்.

ஆனால் மாடிக்குப் போகும் முன் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொள்கிறாள். போய், துணியை உதறிப் போட்டுவிட்டு, கோபுரம் இருக்கிற திசைக்குத் திரும்பி, கையை மடக்கி ஒரு சைகை காட்டுகிறாள். எங்கள் ஊரில் அது எவ்வளவு கெட்ட வசவு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெளியூர்க்காரர்கள் அதை வரவேற்பு என்று நினைத்து இருட்டறையில் திரும்பக் கையாட்டுகிறார்களாம்.

"மடையனுங்க" என்கிறாள் ரெமே, அதைக் கேள்விப்பட்டதில் இருந்து வெகு திருப்தியாக.